ஐஸ் பெட்டிக்குப் பயந்த நாய்

அத்தியாயம் ஐந்து

நாய் செத்துவிட்டது. ஆனால் தாளின்படி அதன் ரத்தத்தில் எந்தக் குறையும் இல்லை.

சாருமதியால் தாண்ட முடியாத இடம் அதுதான். பாலாவிச் சந்தியில் மிருக வைத்தியசாலை நடத்தும் அவள், நான்கு நாட்களாக அந்த ஒற்றைத் தாளை மேசையில் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள். நாயின் பெயர் சுக்கான். சிவப்பணுப் பங்கு இருபது. அதற்கு எதிரே இயந்திரம் அச்சிட்டிருந்த சொல், 'இயல்பு'.

"பத்தொன்பதாம் திகதி கொண்டு வந்தாங்க. இயல்பு எண்டு வந்தது. விற்றமின் பாணி குடுத்து அனுப்பினேன். இருபத்திரெண்டாம் திகதி செத்துப் போச்சு. சொந்தக்காரி முறைப்பாடு குடுத்திட்டா. திங்கட்கிழமை விசாரணை, மிஸ். சாகக் கிடந்த நாய சுகம் எண்டு சொன்ன டொக்டர் நான்தான். ஏன் எண்டு கேட்டா என்னட்டப் பதில் இல்ல. பதில் இல்லாட்டி வெளிய இருக்கிற பெயர்ப் பலகையக் கழட்டிருவாங்க."

எதிரே இருந்த மர்ளியா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இருபது வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காக, தானாக எரிந்த படகு எது, எரிக்கப்பட்ட படகு எது என்று பிரித்துச் சொன்னவள் அவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். புத்தளத்தில் பாதிப் பேருக்கு அவள் மர்ளியா ராத்தா, அதாவது அக்கா. அவளுடைய உதவியாளன் தனஞ்சயன் உடப்பைச் சேர்ந்தவன். வாசலில் நின்ற முச்சக்கரவண்டி அவனுடையது. வாயும் அவனுடையதுதான், அதை மர்ளியாவால் வாடகைக்கு எடுக்க முடிந்ததில்லை.

"இயல்பு எண்டா என்னா? எனக்கு வெளங்குற மாதிரி செல்லுங்க" என்றாள் மர்ளியா.

சாருமதி ஊசி போல மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்துக் காட்டினாள். "இதுல ரத்தத்த எடுத்து வேகமா சுழட்டினா சிவப்பெல்லாம் அடியில படியும். மேல தெளிநீர் நிக்கும். முழு உயரம் நூறு எண்டா சிவப்பு எவ்வளவு? அதுதான் இந்த எண்."

"சுக்கானுக்கு இருபது. அது காணுமா, கொறவா?"

"தனிய ஒரு எண்ண வெச்சு ஒண்டும் சொல்ல ஏலாது. பக்கத்தில வெச்சுப் பாக்க சுகமான நாய்களோட எண் வேணும். இயந்திரம் வரக்குள்ள அதோட வெளிநாட்டு அளவு ஒண்டு வந்தது. முப்பத்தேழுல இருந்து ஐம்பத்தஞ்சு. ஆனா அது அங்கத்த நாய், அங்கத்த சாப்பாடு. எங்கட நாய்க்கு உண்ணி இருக்கு, கொக்கிப்புழு இருக்கு, இந்த வெயில் இருக்கு. எங்கட நாய்க்கு எங்கட அளவு வேணும் எண்டு நான் ஏழு வருஷமாக் கேட்டேன். கடைசியில நானே செஞ்சேன்."

அவள் குரலில் இன்னும் பெருமை மிச்சமிருந்தது. செய்த விதத்தை அவள் சொன்னாள். ஆறு ஊர்கள். ஊருக்கு இருபதாக நூற்றிருபது சுகமான நாய்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் ரத்தம். வந்த எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் நிறுத்த வேண்டும். அடியில் மூன்றையும் உச்சியில் மூன்றையும் கழித்துவிட வேண்டும். நடுவே மிஞ்சும் நூற்றிப் பதினான்கும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றனவோ, அதுதான் இயல்பு.

"கழிச்சு விட்ட ஆறும் நோய் பிடிச்சதுகளா?" தனஞ்சயன் கேட்டான்.

"இல்ல. அதுகளும் சுகம்தான். ஓரத்தில நிண்டதுகள், அவ்வளவுதான்."

"சுகமா இருந்தும் தாள்ல சுகமில்ல. எங்கட மாமாவ அரசாங்க வேலைக்கு எடுக்காம விட்டதும் இப்பிடித்தான்."

மர்ளியா அவனைக் கவனிக்கவில்லை. "ஒங்கட நூற்றிருபது நாய்ல வந்த இயல்பு எவ்வளவு?"

"பத்தொன்பதுல இருந்து நாப்பத்தாறு. மார்ச் பதினெட்டாம் திகதி இயந்திரத்தில பதிஞ்சேன்."

"சுக்கான் வந்தது அடுத்த நாள். வெளிநாட்டு அளவுல பாத்தா இருபது என்னா?"

"சாகப் போற நாய்."

"ஒங்கட அளவுல?"

சாருமதி தாளைப் பார்த்தாள். "சுகமான நாய்."

"அப்ப ரெண்டுல ஒண்டு பொய்."

"நூற்றிருபது நாய் சேர்ந்து பொய் சொல்லுமா, மிஸ்?"

"நாய் பொய் செல்லாது" என்று எழுந்தாள் மர்ளியா. "செத்தது எங்க ஈக்கிது?"

விசாரணைக்காகச் சுக்கானை உறைபெட்டியில் வைத்திருந்தார்கள். மூடியைத் திறந்ததும் மர்ளியா ஓரடி பின்னால் நின்றுகொண்டாள். அவளுடைய மார்க்கப்படி, ஈரமான நாயைத் தொட்டால் ஏழு தரம், அதில் ஒரு தரம் மண்ணோடு, கழுவ வேண்டும்.

"ராத்தா என்ன வேலைக்கு வெச்சிருக்கிறது மூளைக்கு எண்டு நெனச்சேன், கைக்குத்தான்" என்றபடி தனஞ்சயன் குனிந்தான். பழுப்பு நிற நாய். இடது காது கிழிந்திருந்தது. "விலா எலும்ப எண்ணலாம். முன்னங்கால் ரெண்டிலயும் மயிர் வழிச்சிருக்கு. பின்னங்கால் ரெண்டிலயும் அப்பிடித்தான். கழுத்தில ரெண்டு பக்கமும். எல்லாம் தீப்பெட்டி அளவு."

"இடது முன்னங்கால் நான் வழிச்சது, ரத்தம் எடுக்க" என்றாள் சாருமதி. "மற்றது எல்லாம் உண்ணிக்கு மருந்து போட யாரோ செஞ்சிருப்பாங்க எண்டு விட்டுட்டேன்."

"உண்ணி சதுரமாவா கடிக்கும்?" என்று கேட்டாள் மர்ளியா.

சாருமதியின் முகம் சுருங்கியது. மர்ளியா நூற்றிருபது படிவங்களும் இருந்த கோப்பைக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு படிவத்திலும் ஊர், திகதி, நேரம், நாய் பட்டினியா, தெளிநீர் தெளிவா, சிவப்பணுப் பங்கு எவ்வளவு என்று வரிசையாக இருந்தது. கடைசியில் ஒரு வரி: 'நேரில் பரிசோதித்தேன். சுகமான நாய்.' அதன் கீழே சாருமதியின் கையெழுத்து. அந்தக் கையெழுத்துகளை மட்டும் மர்ளியா பத்துப் பதினைந்து தாள் வரை புரட்டிப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடினாள்.

"ஊர் ஊராப் போய் ரத்தம் எடுத்தது ஆரு?"

"சிவசுப்பிரமணியம். எங்கட வெளிக்கள ஆள். கரைத்தீவுப் பக்கம் மூடிக் கிடக்கிற இறால் பண்ணையில காவலுக்கும் இருக்கிறார். நல்ல மனுசன். நாய் எண்டா உயிர்."

"ஆருட உயிர்?" என்றான் தனஞ்சயன்.

*

கற்பிட்டிக் கரையில், சுக்கானின் சொந்தக்காரி இசபெல்லின் மீன்வாடி முழுக்கக் கருவாட்டுப் பாய்கள் விரிந்திருந்தன. அவள் சாளையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் யாரென்று தெரிந்ததும் நிமிராமலே சொன்னாள். "அந்த டொக்டருக்காக வந்ததெண்டா அப்பிடியே திரும்பிப் போங்க. அந்தப் பொம்பிள என்ட புள்ளயப் பாத்துச் சுகம் எண்டு எழுதிக் குடுத்தவ."

"நான் அவங்களுக்காகத்தான் வந்திக்கிறேன்" என்றாள் மர்ளியா. "ஆனா சுக்கான் ஏன் மௌத்தானெண்டு தெரியாம அவங்கள ஒண்டும் காப்பாத்த ஏலாது. ஒங்களுக்கும் அதுதானே தெரியணும்?"

இசபெல் கையை உதறிவிட்டு ஒரு பெட்டியில் உட்கார்ந்தாள்.

"பெப்ரவரி ரெண்டாம் திகதி காணாமப் போனான். கோயில்ல மெழுகுதிரி மந்திரிச்ச நாள், அதால ஞாபகம். தேடாத இடமில்ல. மார்ச் பதினேழாம் திகதி காலையில வந்து வாசல்ல விழுந்து கிடந்தான். எலும்பு. மீன் வெச்சேன், திண்டான். சரியாயிருவான் எண்டு நெனச்சேன். ஆனா புத்தி பிசகியிருந்தது."

"எப்பிடி?"

"ஐஸ் பெட்டி மூடி திறக்கிற சத்தம் கேட்டா இந்தக் கரையில நாயெல்லாம் வாலாட்டிக்கொண்டு ஓடி வரும். மீன் எண்டு தெரியும். இவன் கட்டிலுக்குக் கீழ ஓடினான். அங்கேயே மூத்திரம் போனான். மீன்காரி வீட்டு நாய் மீன் பெட்டிக்குப் பயப்படுமா? விசர் எண்டு நெனச்சேன்." அவள் கையில் ஒட்டிய செதிலைச் சுரண்டினாள். "தடியால அடிச்சுத்தான் வெளிய எடுத்தேன். பிறகு கட்டிப் போட்டேன். கடைசி மூண்டு நாள் கட்டித்தான் கிடந்தான்."

மர்ளியா வாடியின் மூலையைச் சுட்டினாள். அங்கே இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று சிவப்புப் பிளாஸ்டிக், கொளுக்கி போட்டது. மற்றது வெள்ளை ரெஜிபோம், நுரைப் பலகையால் ஆனது.

"ரெண்டுக்கும் பயந்தானா?"

இசபெல் யோசித்தாள். "சிவப்புக்கு இல்ல. சிவப்புப் பெட்டியில மூக்க வெச்சுக்கொண்டு நிண்டிருக்கிறான். வெள்ளைதான்."

தனஞ்சயன் வெள்ளைப் பெட்டியின் மூடியைத் தூக்கினான். பல்லைக் கூசவைக்கும் கீச்சு ஒன்று எழுந்தது. வேலிக்கு வெளியே படுத்திருந்த மூன்று நாய்கள் ஒன்றாக எழுந்து ஓடிவந்தன.

"மீன் இல்லாத வெள்ளைப் பெட்டி ஒண்ட அவன் பாத்திக்கிறான்" என்றாள் மர்ளியா. "தனா, கோப்பக் கொண்டு வாங்க. ஒங்கட ஊர்த் தாளப் பாருங்க."

தனஞ்சயன் உடப்புப் படிவங்கள் இருபதையும் விரித்தான். முதல் தாளிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

"ராத்தா, இதக் கேளுங்க. 'இடம்: உடப்புக் கடற்கரை. நேரம்: காலை ஏழு. நாய் பட்டினியா: ஆம். தெளிநீர்: தெளிவு.' இருபது தாளும் இப்பிடித்தான். எழுதினவன் உடப்புல ஒரு காலைகூட நிண்டிருக்க மாட்டான்."

"ஏன்?"

"பெப்ரவரியில காலை ஏழு மணிக்குத்தானே கரைவலை கரைக்கு வரும்! வலை மடி திறந்ததும் சின்ன மீன், நசிஞ்ச மீன் எல்லாம் மணல்ல கொட்டும். ஊர் நாயெல்லாம் அங்கதான். மனுசருக்கு முதல் அதுகள் காலைச் சாப்பாட்ட முடிச்சிரும். அந்த நேரத்தில உடப்புல பட்டினி கிடக்கிறது சனம்தான், நாய் இல்ல."

இது வெறும் பகிடியல்ல. கொழுப்பான மீனை வயிறு நிறையத் தின்ற நாயின் ரத்தத்தைச் சுழற்றினால் மேலே நிற்கும் தெளிநீர் பெரும்பாலும் பால் கலந்ததுபோலக் கலங்கியிருக்கும். அதனால்தான் இத்தகைய சோதனைக்குப் பட்டினி கேட்கிறார்கள். ஒன்றிரண்டு தெளிவாக இருந்தால் அதிர்ஷ்டம் எனலாம். இருபதும் தெளிவாக இருந்தால், அந்த இருபது குழாயும் உடப்பைப் பார்த்ததே இல்லை.

மர்ளியா எழுந்து ஒரு காலியான பாயைப் பார்த்தாள். "இசபெல், இந்தப் பாய நான் கொஞ்ச நேரம் பாவிக்கலாமா? நூற்றிருபது கருவாடும் வேணும்."

"விலைக்கா?"

"பாரத்துக்கு. காத்தடிக்கிது."

கோப்பில் படிவங்கள் ஊர்வாரியாக இருந்தன. அப்படி வைத்தால் ஒவ்வொரு ஊரிலும் எண்கள் மேலும் கீழுமாகக் கலந்திருந்தன, சந்தேகப்பட ஒன்றுமில்லை. மர்ளியா ஊரை மறந்துவிட்டுத் திகதியைப் பிடித்தாள். பாயின் இடது ஓரம் பெப்ரவரி ஒன்று, வலது ஓரம் மார்ச் பதினைந்து. எண் பெரிதென்றால் தாளை மேலே வைப்பது, சிறிதென்றால் கீழே. ஒவ்வொரு தாளின் மீதும் ஒரு சாளைக் கருவாடு.

"உண்மையிலேயே நூற்றிருபது வேற வேற நாய் எண்டா என்னா வரணும்?" என்று கேட்டாள்.

"கூடையில இருந்து கொட்டின மாதிரிக் கிடக்கணும்" என்றான் தனஞ்சயன். "அந்த நாய்க்கும் இந்த நாய்க்கும் என்ன சம்பந்தம்?"

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. இசபெல்தான் முதலில் பார்த்தாள். அவள் கதிரையில் ஏறி நின்றிருந்தாள்.

"ஆண்டவரே. படிக்கட்டு."

பாயில் கருவாடு சிதறிக் கிடக்கவில்லை. மூன்று கோடுகளாக இறங்கியது. இடது ஓரத்தில் நாற்பத்தெட்டு, நாற்பத்தைந்து, நாற்பத்தொன்று என்று தொடங்கிய மூன்று படிக்கட்டுகள், கிழமைக்குக் கிழமை படிபடியாக இறங்கி, வலது ஓரத்தில் இருபதுக்கு அண்மையில் வந்து நின்றன. ஊர் மாறியது, சொந்தக்காரர் பெயர் மாறியது, நாயின் பெயர் மாறியது. படிக்கட்டு மாறவில்லை.

"மூண்டே மூண்டு நாய்" என்றாள் மர்ளியா. "ஒவ்வொண்டுலயும் நாப்பது தரம். ஒரு குழாய்க்குப் பத்து மில்லிலீற்றர் எண்டா நாநூறு. பன்னிரண்டு கிலோ நாய்ட உடம்புல ஈக்கிறதே ஒரு லீற்றர்தான். ஆறு கிழமையில பாதிக்குக் கிட்ட எடுத்திக்கிறாங்க. நல்ல சாப்பாடு குடுத்தா உடம்பு திருப்பி ஊறவைக்கும். குடுக்கல்ல. நாய் பட்டினியா எண்டதுக்கு 'ஆம்' எண்டு எழுதினானே, இந்த நூற்றிருபது தாள்லயும் அது ஒண்டுதான் உண்மை."

இசபெல் கதிரையிலிருந்து இறங்கினாள். நடுப் படிக்கட்டின் முதல் கருவாட்டருகே குந்தினாள். மற்ற இரண்டும் பெப்ரவரி ஒன்றில் தொடங்கின. இது மட்டும் மூன்றாம் திகதி. சுக்கான் தொலைந்து மறுநாள். அவள் விரலை அந்தப் படிக்கட்டின் வழியே கடைசித் தாள் வரை இழுத்துக்கொண்டு போனாள். மார்ச் பதினைந்து. இருபது.

"மற்ற ரெண்டும் எங்க?" என்று கேட்டாள்.

"அதத்தான் இப்ப பாக்கப் போறோம்" என்றாள் மர்ளியா. "ஒங்கட வெள்ளைப் பெட்டியத் தாங்க."

*

கரைத்தீவுப் பக்கம், உப்பேரியான களப்போரமாக, இறால் வளர்த்துக் கைவிட்ட குளங்கள் வெயிலில் வெடித்துக் கிடந்தன. அவற்றின் நடுவே பழைய குஞ்சு பொரிக்கும் கொட்டகை. சிவசுப்பிரமணியம் வாசலில் இருந்து ஊசிக் குழல்களைக் கழுவித் தென்னங்கிடுகின்மேல் காயவைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, சாந்தமான முகம். வலது முழங்கையில் பல் பதிந்து ஆறிய தழும்பு. பக்கத்தில் ரத்தக் குழாய்களை ஐஸில் வைத்துக் கொண்டுபோகும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி.

"வாங்க, வாங்க. பிளேன் தேத்தண்ணி குடிப்பீங்களா?"

"பொறகு" என்றாள் மர்ளியா. "தனா, பெட்டியத் திறங்க."

தனஞ்சயன் மூடியைத் தூக்கினான். கீச். கொட்டகைக்குள் சத்தமில்லை. இன்னொரு தரம் மூடித் திறந்தான். கீச்.

உள்ளே மூன்றாவது சீமெந்துத் தொட்டிக்குள்ளிருந்து ஒரு ஓசை வந்தது. நகம் சீமெந்தைச் சுரண்டும் ஓசை. எதுவோ எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை, மறுபடி பார்த்தது. பிறகு மூத்திர நாற்றம் வந்தது.

தனஞ்சயன் உள்ளே ஓடினான். அவன் திரும்பி வந்தபோது வாயில் பகிடி இல்லை. "கறுப்பு நாய் ஒண்டு உயிரோட இருக்கு. பல் முரசு கடதாசி மாதிரி வெள்ள. ஒண்டுதான், ராத்தா."

"மற்றது?" மர்ளியா கேட்டாள்.

"அது நேத்து" என்றார் சிவசுப்பிரமணியம், பஸ் போய்விட்டது என்பதுபோல. "குளத்துக்குள்ள சுண்ணாம்பு போட்டுப் புதைச்சேன். மற்றது, காது கிழிஞ்சவன், பதினாறாம் திகதி கூரையால பாய்ஞ்சு ஓடிட்டான். அவ்வளவு பெலன் இருந்திருக்கு பாருங்க."

"வீட்ட போய்ச் செத்தான்."

"பாவம்" என்றார் அவர். உண்மையாகவே வருந்துவதுபோல இருந்தது. "மிஸ், நான் கொடுமக்காரன் இல்ல. முதல் நாள் கனமூலையில ஒரு தென்னந்தோட்டத்து நாய் இந்தக் கையக் கிழிச்சுது. அண்டைக்கே யோசிச்சேன். ஆறு கிழமை, ஆறு ஊர், ஒரு மோட்டார்சைக்கிள், ஒரு ஆள். அறியாத நூற்றிருபது நாயப் பிடிச்சு அமத்திக் குத்தலாமா? பழகின நாய் எண்டா கைய நக்கும். குத்து எப்பிடியும் நூற்றிருபதுதானே. ஒரு குத்துக் கூடக் குத்தல்ல."

"எண்ணிக்கை சரி" என்றான் தனஞ்சயன். "ஆள்தான் மாறிட்டுது."

மர்ளியா கேட்டாள். "வேல முடிஞ்சுதானே. பொறகும் ஏன் வெச்சிருந்தீங்க?"

"அடுத்தது கிழட்டு நாய்களுக்கு அளவு எடுக்கணும் எண்டு மெடம் சொன்னா. இதுகளப் பாத்தா கிழடு மாதிரித்தானே. வேற தேடுவானேன் எண்டு விட்டேன்."

அதைச் சொல்லும்போது அவர் தேநீருக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். தனஞ்சயன் அவருடைய மோட்டார்சைக்கிள் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மர்ளியா சாருமதிக்கும் பொலீசுக்கும் அழைப்பெடுத்தாள். பிறகு சிவசுப்பிரமணியத்திடம் திரும்பினாள்.

"அடுத்த வேலைக்குத் தாள் வந்துட்டுதா?"

அவர் தயங்காமல் ஒரு பொலித்தீன் பையை எடுத்து நீட்டினார். மர்ளியா உள்ளேயிருந்த கட்டைப் புரட்டினாள், ஒரு தரம், இரண்டு தரம். பையை மடித்துத் தன் கைப்பையில் வைத்தாள். "ஓம், மெடம் எப்பவும் முன்னுக்கே தந்திருவா" என்றார் அவர். "நம்பிக்கை."

*

சாருமதி அரை மணி நேரத்தில் வந்தாள். யாரையும் பார்க்காமல் தொட்டிக்குள் இறங்கினாள். கறுப்பு நாய் அவளுடைய பையின் பக்கமே பார்த்து நடுங்கியது. உதட்டைத் தூக்கி முரசைப் பார்த்தாள், அதன் நெஞ்சில் கை வைத்தாள்.

"இன்னொரு நாய்ட ரத்தம் ஏத்தினா தப்பும். இண்டைக்கே ஏத்தணும். சுகமான நாய் ஒண்டு வேணும்."

"சுகமான எண்டு எப்பிடித் தெரிஞ்சுகொள்ளுவீங்க, டொக்டர்?" தனஞ்சயன் கேட்டான். "பத்தொன்பதுக்கு மேல எண்டாக் காணுமா?"

சாருமதிக்கு முகம் வெளுத்தது. "நேர்ல பாத்து" என்றாள்.

மர்ளியா கருவாட்டுப் பாயில் கண்டதையும் இங்கே கேட்டதையும் அவளுக்குச் சொன்னாள். சாருமதி தொட்டியின் விளிம்பில் சாய்ந்து கேட்டாள். அவள் முகத்தில் முதலில் அருவருப்பு வந்தது. பிறகு, அதை அவளால் மறைக்க முடியவில்லை, ஒரு நிம்மதி.

"அப்ப நான் பிழை விடல்ல. இயந்திரம் இயல்பு எண்டு சொன்னது இந்த ஆளாலதான். திங்கட்கிழமை இதச் சொன்னாக் காணும். பெயர்ப் பலகை..."

"இருங்க" என்றாள் மர்ளியா. கைப்பையிலிருந்து பொலித்தீன் பையை எடுத்தாள். உள்ளே அறுபது படிவங்கள். ஊர் இல்லை, திகதி இல்லை, நாய் இல்லை, எண் இல்லை. ஒவ்வொன்றின் அடியிலும் அச்சிட்ட வரி: 'நேரில் பரிசோதித்தேன். சுகமான நாய்.' ஒவ்வொன்றின் கீழும் சாருமதியின் கையெழுத்து, மை காய்ந்து பல நாளாகியிருந்தது.

"இது அடுத்த வேலைக்கு" என்றாள் மர்ளியா. "முதல் நூற்றிருபதும் இப்பிடித்தான். ஒரே பேனை, ஒரே சாய்வு, ஒரே இருப்புல வெச்சது. காலையிலேயே கண்டேன்."

"எல்லாரும் அப்பிடித்தான்... கட்டாக் கொண்டு வந்து வெச்சா, நோயாளிகள் வரிசையில நிக்கக்குள்ள..."

"ஏழு வருஷம் இந்த அளவுக்காகக் கத்தினீங்க. ஒரு நாள் உடப்புக்குப் போகல்ல. போயிருந்தா, இருபது சுகம் எண்டு தாள் செல்லக்குள்ள ஒங்கட கண்ணு இல்ல எண்டு செல்லியிருக்கும். எலும்பு தெரிஞ்ச நாய் ஒங்கட மேசையில கிடந்தது. ஆனா நீங்க தாள்ல இருந்த எண்ணத்தான் பாத்தீங்க, அது ஒங்கட எண்."

"மெடம் கேட்டது நூற்றிருபது குழாய், நூற்றிருபது தாள்" என்றார் அடுப்படியிலிருந்து சிவசுப்பிரமணியம், உதவி செய்யும் குரலில். "நாய் எத்தின எண்டு கேக்கல்ல."

சாருமதி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பெயர்ப் பலகை போயிரும், என்ன?" என்று கேட்டாள்.

"போயிரும். இந்த நாய் தப்பணும் எண்டா இப்பவே வேலையத் தொடங்குங்க. இயந்திரத்தில ஈக்கிற அளவையும் இண்டைக்கே அழிங்க. இன்னொரு சுக்கான் வந்து நிக்க முதல்."

சாருமதி கறுப்பு நாயை அது படுத்திருந்த சாக்கோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனாள். அது அவள் தோளை மூத்திரத்தால் நனைத்தது. அவள் துடைக்கவில்லை.

மர்ளியா வெற்றுப் படிவம் ஒன்றைத் திருப்பித் தனஞ்சயனிடம் கொடுத்தாள். "திங்கட்கிழமைக்கு எழுதுங்க. சுருக்கமா. இசபெல்லுக்கும் ஒரு பிரதி குடுக்கணும்."

அவள் சொன்னாள், அவன் எழுத்துத் தமிழில் எழுதினான்.

'நூற்றிருபது சுகமான நாய்களின் ரத்தம் என்று கொடுக்கப்பட்டது, மூன்று நாய்களிலிருந்து நாற்பது தடவை வீதம் எடுக்கப்பட்ட ரத்தம். அந்த மூன்றும் பெப்ரவரித் தொடக்கத்திலிருந்து மார்ச் பதினைந்து வரை பட்டினியில் அடைத்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் எண்கள் நாற்பதுக்கு மேலிருந்து இருபதளவுக்கு இறங்கின. நாய்களை நேரில் பார்க்காமல் வைத்தியர் சாருமதி முன்கூட்டியே கையெழுத்திட்டதால், இறங்கிய எண்களும் சுகமான நாய்களின் எண்களாகக் கணக்கில் சேர்ந்தன. மூன்று நாய்களில் ஒன்று சுக்கான். அது தப்பி வீட்டுக்குப் போய், மார்ச் பத்தொன்பதாம் திகதி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டபோது, அதன் ரத்தம் வேறெந்த நாயோடும் ஒப்பிடப்படவில்லை. அதன் சொந்த ரத்தத்தோடும், கூட அடைபட்டிருந்த இரண்டின் ரத்தத்தோடுமே ஒப்பிடப்பட்டது. செத்துக்கொண்டிருந்த நாய்க்கு இயந்திரம் இயல்பு என்று அச்சிட்டது அதனால்தான்.'